மருந்தடித்த மலையிற் புல்

"எங்கள் வீட்டுப் பசு" என்பது பழகித் தேய்ந்த கட்டுரைத் தலைப்பு. எட்டாம் வகுப்புக்கு வருமுன் அதனைக் குறைந்தது மூன்று முறையேனும் மாணவர் எழுதியிருப்பர். இதை அறிந்துகொண்டே, வேறு வேலை மிகுந்திருந்த ஒரு நாளில், என் வகுப்புக்கு அத்தலைப்பைக் கொடுத்தேன். பசுவுக்கு நான்கு கால்கள் உண்டு, பசு பால் தரும், அதன் சாணம் எருவாகும் என்று எதிர்பார்த்தவாறே எழுதியிருந்தனர். கண்டி நகரைச் சூழ்ந்த மலைத்தோட்டம் ஒன்றிலிருந்து நடந்து வரும் பையன் ஒருவன் மட்டும் வேறுவகையாக எழுதியிருந்தான். மலையில் மருந்தடித்த மறுநாள் அவனுடைய தாய் வழக்கம்போற் புல்லறுத்து வந்தாளாம். அன்றிரவு மாட்டின் வாயில் நுரை தள்ளிற்று, கால்கள் நடுங்கின, மூன்றாம் நாள்தான் அது எழுந்து நின்றது.

அவனை அழைத்து, என்ன மருந்து என்று கேட்டேன். "வெள்ளக் கேன்ல வர்ற மருந்து, சேர்" என்றான். அந்த வாரத்துப் பாலை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். சற்று நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வழக்கமா ஊத்துற எடத்துலதான் ஊத்துனோம், சேர். தங்கச்சிக்கு மட்டும் குடுக்கல."

அந்தத் தாயைக் குற்றங்கூற எனக்கு நா எழவில்லை. பாலில் ஏதோ உண்டென்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனாலன்றோ தன் குழந்தைக்கு அதைக் கொடுக்கவில்லை! எத்தனை நாள் கழித்து அப்பால் நல்லதாகும் என்று அவளுக்குச் சொல்வார் இல்லை. கொட்டிய பாலுக்கு விலை தருவாரும் இல்லை. புல்லுக்கு வேறு மலையுமில்லை. இந்த மூன்று "இல்லை"களும் ஒரே நாளில் முளைத்தவையல்ல. அவற்றின் வேரைத் தேடினால் நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னே செல்ல வேண்டியிருக்கிறது.

கண்டி இராச்சியத்துக் குடியானவனுக்கு வயல் எவ்வளவு வேண்டியதோ அவ்வளவு வேண்டியது வயலுக்கு மேலேயிருந்த காடும் சேனையும் பத்தனைப் புல்வெளியும். அவனுடைய எருமையும் மாடும் அங்கேதான் மேய்ந்தன. ஆங்கில அரசு 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால், பயிரிடப்படாத நிலமும் காடும் முடிக்குரியன என்று கொண்டது. உரிமையை எழுத்தில் நாட்ட முடியாதவன் நிலத்தை இழந்தான். அந்நிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின. நேற்றுவரை தான் மேய்ந்த மலையில் இன்று ஏறிய மாடு அத்துமீறிய மாடாகக் கருதப்பட்டது. அவ்வாறு வந்த மாட்டைப் பிடித்துக் கட்டவும் நட்டஈடு கேட்கவும் 1876ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிலவுடைமையாளருக்கு வழி வகுத்தது. சட்டத்துக்குக் காத்திராமலே மாட்டைச் சுட்டுத் தள்ளிய துரைமாரும் இருந்தனர். பெருந்தோட்டமும் பசுவும் ஒன்றற்கொன்று பகையாகவே இம்மலையில் தொடங்கின என்பதை மறத்தலாகாது.

இதே காலத்தில், கடலுக்கு அப்பாலிருந்து வேறொரு கூட்டம் இம்மலைகளுக்கு நடந்து வந்தது. திருநெல்வேலியிலும் மதுரையிலும் இராமநாதபுரத்திலும் திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் மாட்டோடு பிறந்து மாட்டோடு வளர்ந்த மக்கள், மாட்டை விற்றோ விட்டோ இங்கு வந்தனர். லயத்துக் காம்பிராவில் குடியேறிய சில தலைமுறைக்குள், லயத்தின் பின்னே நாலு தடி நட்டு, தகரம் போட்டு, மாட்டுக்காலை ஒன்றை எழுப்பிக்கொண்டனர். தோட்டத்தில் அவர்களுக்கென்று நிலம் இல்லை. ஆயினும் மாட்டுப்பொங்கலன்று கொம்பு சீவி வண்ணம் பூச ஒரு மாடு இருந்தது. பெயர் விழாமற்போன நாளிலும் கடைக்கணக்குத் தீர்க்கப் பாற்காசு இருந்தது. அந்த மாட்டுக்குப் புல் எங்கிருந்து வந்தது? தேயிலை நிரைகளின் இடையிலிருந்தும், கான் ஓரங்களிலிருந்தும், பாதைச் சரிவுகளிலிருந்தும் வந்தது. கொழுந்து எடுத்து முடிந்த பின், மாலையில் புற்கட்டைத் தலையிற் சுமந்து இறங்கும் பெண்ணைக் காணாத மலைநாட்டான் எவன்? கிராமத்தவன் இழந்த மேய்ச்சல் நிலத்தின் மிச்சம், கூலிக்காரனின் பசுவுக்கு இவ்வாறு நிரையிடைப் புல்லாக எஞ்சிற்று.

இந்தப் புல்லின்மேல் நஞ்சு விழுந்த கதையே இனி நாம் நோக்க வேண்டியது.

ஒரே பயிரை மலைமலையாக நட்டவனுக்கு நோயும் பூச்சியும் தப்பா. 1869இல் தோன்றிய இலைத்துரு கோப்பியை அடியோடு அழித்தது. ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. மீண்டும் ஒரே பயிர்; மீண்டும் பூச்சி. கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி ஆகிய நடுமலைப் பகுதிகளில் தேயிலைக் கிளையைத் துளைத்துச் சுரங்கமிடும் சிறு வண்டு பெருந்தொல்லையாயிற்று. 1946இல் கொப்புளநோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியது. அதற்குச் செம்புக் கலவை தெளிக்கப்பட்டது. மலையில் விசைத்தெளிப்பான் அன்றாடக் கருவியானது அப்போதுதான் எனலாம்.

அந்த 1946இலேயே மலேரியாவை ஒழிக்க வீடு வீடாக டீ.டீ.ரீ. தெளிக்கும் பணியும் இந்நாட்டில் தொடங்கியது. 1934–35இல் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிரைக் கொண்டுபோன காய்ச்சலை நினைப்பவர் அப்பணியை இழித்துரையார், நானும் இழித்துரைக்கவில்லை. இரசாயனவியல் மனித குலத்தின் சொத்து. அது யார் கையில், யார் நலத்துக்காக, யாரைக் கேட்டுப் பயன்படுகிறது என்பதே வினா.

1950களின் பிற்பகுதியில் நடுமலைத் தோட்டங்களிற் கிளை துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் நஞ்சு புகுந்தது. வண்டு குறைந்தது உண்மை. ஆனால் வேறொன்றும் நிகழ்ந்தது. தேயிலைக் கொழுந்தைச் சுருட்டித் தின்னும் புழு ஒன்று உண்டு. அதனை அடக்குவதற்காக 1935–36இல் யாவாத் தீவிலிருந்து சிறு குளவி ஒன்றைக் கொண்டுவந்து விட்டிருந்தனர். அக்குளவி புழுவின் உடலில் முட்டையிடும். குஞ்சு புழுவை உண்டு வளரும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக, கூலி கேளாமல், பெரட்டுக்கு வராமல், அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. டீல்ட்ரின் அந்தக் குளவியைக் கொன்றது. புழு பெருகிற்று. ஒரு பூச்சியை அடக்கப் போய் அடங்கிக் கிடந்த இன்னொன்றை எழுப்பிவிட்ட இந்நிகழ்ச்சி, பூச்சியியல் நூல்களில் இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. தேயிலையில் டீல்ட்ரின் பின்னர் கைவிடப்பட்டது.

கைவிடப்பட்டதற்குக் காரணம் என்ன? கொழுந்து போயிற்று, ஆகவே கைவிட்டனர். டீல்ட்ரின் மண்ணிற் பல்லாண்டு தங்குவது, கொழுப்பிற் கரைவது, புல்லின் வழியே பசுவின் உடலுட் புகுந்தால் பாலின் கொழுப்போடு வெளிவருவது. குளவிக்கு நேர்ந்ததைக் கணக்கெடுக்க அறிஞர் இருந்தனர். அவர் பணி போற்றற்குரியது. லயத்து மாட்டுக்கு நேர்ந்ததைக் கேட்க அக்காலத்தில் யார் இருந்தார்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. வாக்கில்லாதவனின் மாட்டைப் பற்றிப் பாராளுமன்றத்திற் பேசுவார் யாருமிலர். நாடற்றோர் என்ற நிலையை முற்றாகத் துடைக்க 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வரை செல்ல வேண்டியிருந்தது. நஞ்சு பரவிய காலமும் நாவடைத்த காலமும் ஒன்றாயிருந்தன.

புல்லை விட்டு மாவுக்கு வருவோம். தோட்டத்து அடுப்பில் வேகும் ரொட்டி இம்மலையில் விளைந்ததன்று. கடலில் வந்த கோதுமை மாவினால் ஆனது. உணவுப் பொருளும் நஞ்சும் ஒரே கப்பலில், ஒரே வண்டியில், ஒரே களஞ்சியத்தில் பயணம் செய்வதன் விளைவை 1958இல் கேரளம் கண்டது. பம்பாயிலிருந்து கொச்சிக்குச் சென்ற கப்பலொன்றில் உணவுச் சாக்குகளோடு பொலிடோல் என்னும் பூச்சிமருந்தும் ஏற்றப்பட்டிருந்தது. மருந்து கசிந்து சாக்கில் ஊறியது. அந்த மாவை உண்டோரில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவில் நிறமாற்றம் பெரிதாக இல்லை, கடைக்காரன் கயவனல்லன், சமைத்தவள் கவனமற்றவளல்லள். சரக்கை அடுக்கியவனுக்கு "இதனோடு இதனை வைக்கலாகாது" என்று கட்டளையிடும் சட்டம் இல்லை, அவ்வளவே. அச்சட்டம் இந்தியாவில் 1968இற்றான் வந்தது. நூறு பேரின் சாவுக்கும் ஒரு சட்டத்துக்கும் இடையே பத்து ஆண்டுகள்.

பொலிடோலின் பிறப்பையும் இவ்விடத்திற் சொல்லிவிடுதல் நன்று. அதிலுள்ள பரத்தியோன் என்னும் நஞ்சைக் கண்டவர் ஜெர்மானியரான கெர்ஹார்ட் ஷ்ராடர். பூச்சிமருந்து தேடிய அதே ஆய்வுக்கூடத்தில்தான் 1930களில் தபூன், சாரின் என்னும் போர் நச்சு வாயுக்களும் அவர் கையிற் பிறந்தன. மூன்றும் நரம்பைத் தாக்கும் ஒரே குடும்பத்தவை. போர்க்களத்துக்கு உறவான பொருள், போர் ஓய்ந்ததும் வேளாண்மையின் நண்பன் என்ற பட்டத்தோடு கீழைநாடுகளுக்குக் கப்பலேறிற்று. நம் நாட்டிற் "பொலிடோல்" என்பது ஒரு வாணிகப் பெயராயிருந்து, நஞ்சுக்கே பொதுப்பெயராகிவிட்டமை அதன் பரவலுக்குச் சான்று. 1975 தொடக்கம் 1980 வரையான ஆண்டுகளை ஆராய்ந்த பேராசிரியர் ஜெயரத்தினமும் துணைவரும், இந்நாட்டு வைத்தியசாலைகளில் ஆண்டுதோறும் சராசரி 13,000 பேர் பூச்சிமருந்து நஞ்சால் அனுமதிக்கப்பட்டனர் என்றும், ஏறத்தாழ ஆயிரவர் இறந்தனர் என்றும் 1982இல் உலகுக்கு எடுத்துரைத்தனர். இது மனிதர் கணக்கு. கால்நடையை எண்ணினாரில்லை.

கால்நடையை எண்ணிய நாடு ஒன்றைப் பார்ப்போம். 1976 யூலை 10ஆம் நாள், சனிக்கிழமை நண்பகல் கடந்த வேளையில், வட இத்தாலியில் சேவேசோ என்னும் ஊருக்கு அருகிலிருந்த இரசாயன ஆலையிலிருந்து நச்சுமேகம் ஒன்று எழுந்து வீட்டுத் தோட்டங்களின் மேற் படிந்தது. ஆலை சுவிட்சர்லாந்துப் பெருநிறுவனமொன்றின் உடைமை. தோட்டத்துக் காய்கனிகளை உண்ண வேண்டாமென்று அறிவிக்கும்படி நிர்வாகம் ஊராட்சிக்குக் கூறியது. மேகத்தில் இருந்தது இன்னதென்று கூறவில்லை. டயொக்சின் என்ற பெயர் வெளிவரப் பத்து நாளளவு சென்றது. அதற்கு முன்பே செய்தி சொன்னவை முயல்கள். உழைப்பாளர் வீட்டுக் கொல்லையில் உணவுக்காக வளர்க்கப்பட்ட முயல்களும் கோழிகளும் சில நாளில் மடியத் தொடங்கின. ஏறத்தாழ 3,300 உயிர்கள் அவ்வாறு மடிந்தன. நிறுவனத்தின் விஞ்ஞானி வாய் திறக்குமுன் மூதாட்டி ஒருத்தியின் முயற்கூடு உண்மையைச் சொல்லிவிட்டது என்று நான் வகுப்பிற் கூறுவதுண்டு. மூதாட்டி என் கற்பனை, முயற்கூடு மெய்.

பின்னர் அரசு விழித்தது. நிலத்தை நச்சின் அளவுக்கேற்ப மூன்று வலயங்களாகப் பிரித்தனர். முதல் வலயத்திலிருந்து எழுநூற்றுக்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். சூழவுள்ள வலயங்களில் விளைந்ததை உண்பதும் விலங்கு வளர்ப்பதும் தடுக்கப்பட்டன. நஞ்சு இறைச்சி வழியும் பால் வழியும் முட்டை வழியும் மனிதரைச் சேராதிருக்க, 1978க்குள் ஏறத்தாழ 80,000 விலங்குகள் கொல்லப்பட்டன. கொடிய செயல்தான். ஆயினும் "இதை உண்ணாதே" என்று கூறியதோடு அரசு நின்றுவிடவில்லை; ஆலைக்கு உடைமையான நிறுவனமும் பெருந்தொகை இழப்பீடு செலுத்த நேர்ந்தது. 1982இல் ஐரோப்பியச் சமூகம் பெருவிபத்துத் தடுப்புக்கான ஒழுங்குவிதி ஒன்றை வகுத்தபோது அதற்கு இவ்வூரின் பெயரே வழங்கலாயிற்று.

எட்டாண்டு கழித்து, 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் போபாலில் நிகழ்ந்ததை நாம் அறிவோம். ஏறத்தாழ நாற்பது தொன் நச்சுவாயு குடிசைகளின் மேற் பரவியது. ஆயிரக்கணக்கான மனிதரோடு எருமைகளும் பசுக்களும் ஆடுகளும் தெருவிலே கிடந்தன. ஆயிரக்கணக்கில் அள்ளிப் புதைத்தனர். மீன்பிடி தடைசெய்யப்பட்டது. நகருக்கு உணவு கொண்டுவர வியாபாரிகள் அஞ்சினர். எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்று உறுதியாய்ச் சொல்லும் குரலுக்காக மக்கள் ஏங்கினர். வாயுவின் தன்மையை முற்ற அறிந்த நிறுவனம் அதைப் பற்றிப் பேசுவதில் மிகுந்த சிக்கனங் காட்டியது. சேவேசோவும் போபாலும் ஒரே பாடத்தின் இரு பக்கங்கள்: நஞ்சின் பெயரை மறைப்பவன், உணவைக் காக்கும் முதல் நாளைத் திருடுகிறான்.

கண்டியில் அத்தகைய மேகம் எழுந்ததில்லையே என்று சிலர் கேட்கலாம். எழவில்லை. இங்கு நஞ்சு ஒரே நாளில் மேகமாய் எழுவதன்று. தோளில் தொங்கும் தெளிப்பான்களிலிருந்து அறுபது ஆண்டுகளாய்ச் சிறிது சிறிதாய் இறங்குவது. மேகத்துக்கு விசாரணைக்குழு உண்டு, தெளிப்பானுக்கு இல்லை. கடலோரத்தில் நிகழ்ந்தபோதும் மலை தப்பவில்லை என்பதை 2021இற் கண்டோம். அவ்வாண்டு மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் கொழும்புக் கடலில் தீப்பற்றி எரிந்து, யூன் மாதம் மூழ்கியது. அதில் நைத்திரிக்கமிலம் 25 தொன்னும், பிளாஸ்டிக் மணிகள் ஆயிரத்து அறுநூறு தொன்னுக்கு மேலும் இருந்தன. மேற்குக் கரையில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. எழுபது மைல் தொலைவிலுள்ள கண்டிச் சந்தையிலும் கடல்மீனைத் திருப்பிப் பார்த்து வைத்துவிட்டுப் போனார்கள். உயர்நீதிமன்றம் 2025 யூலையில் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. கப்பலுக்குத் தீர்ப்பு உண்டு, நல்லது.

தெளிப்பானுக்கு ஒரு சட்டமும் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அது. அதனை நடத்தும் பதிவாளர் அலுவலகம் வேறெங்கோ இல்லை. நம் பேராதனைப் பக்கத்தில், கெட்டம்பேயில் இருக்கிறது. 1984இற் பரத்தியோன் நீக்கப்பட்டது. 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் ஆகியனவும், 1998இல் எண்டோசல்பானும், 2008க்குப் பின் படிப்படியாகப் பரகுவாற்றும் விலக்கப்பட்டன. நஞ்சால் இறப்போர் தொகை இத்தடைகளுக்குப் பின் பெருமளவு வீழ்ந்தமையை உலகமே எடுத்துக் கூறுகிறது. தடை பயன் தரும். ஆட்சியாளர் மனம் வைத்தால் நிறுவனங்களை அடக்க முடியும். அதில் ஐயமில்லை.

ஆயினும் எந்த வாயைக் காக்கச் சட்டம் விழித்திருக்கிறது என்பதை அண்மைக்கால நிகழ்ச்சியொன்று காட்டிக்கொடுத்தது. 2015இல் கிளைபோசேற்று என்னும் களைக்கொல்லி தடைசெய்யப்பட்டது. தோட்ட நிர்வாகங்கள் வேறு களைக்கொல்லிகளை நாடின. அவற்றுள் ஒன்றின் எச்சம் தேயிலையில் அளவுக்கு மிஞ்சியிருப்பதை ஜப்பான் கண்டுபிடித்தது. அந்நாடு வைத்த எல்லை, கிலோ ஒன்றுக்கு 0.01 மில்லிகிராம், ஒரு கோடி பங்கில் ஒரு பங்கினும் குறைவு. கொழும்பு கலங்கிற்று; 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் கிளைபோசேற்று மீண்டது. 2021இல் எல்லா இரசாயனத்துக்கும் ஒரே இரவில் தடை. அவ்வாண்டு முடியுமுன் அதன் பின்வாங்கல். இத்தனை ஏற்ற இறக்கத்திலும் மலையிற் புல் அறுப்பவளை ஒருவரும் ஒரு சொற் கேட்கவில்லை. களைக்கொல்லி நின்றபோது அவள் இடுப்பளவு காட்டில் அட்டைக்கும் குளவிக்கும் நடுவே கொழுந்தெடுத்தாள். களைக்கொல்லி வந்தபோது அவள் மாட்டுக்குப் புல் இல்லாமற் போயிற்று.

டோக்கியோவிற் குடிக்கும் தேநீருக்கு ஆய்வுகூடம் உண்டு. மருந்தடித்த பின் இத்தனை நாள் கழித்தே கொழுந்தெடுக்க வேண்டுமென்று விதியும் உண்டு. அதே நிரையில், அதே செடியின் காலடியில், அதே தூவானம் விழுந்த புல்லை அறுக்க எத்தனை நாள் காக்க வேண்டும் என்பதைப் பெரட்டுக்களத்தில் யார் சொல்கிறார்? லயத்து வாசலிற் கறக்கும் பாலைத் தேடி எந்த ஆய்வுகூடமும் மலையேறி வருவதில்லை. ஏற்றுமதியாகும் இலை காக்கப்பட்டது. ஏற்றுமதியாகாத வாய் விடப்பட்டது. என் கட்டுரையின் சாரம் இதுவே. மற்றவை எல்லாம் இதற்கு உரை.

ஆசிரியர்கள் இவ்விதழைப் படிப்பதால், வகுப்பிற் சொல்லத்தக்க சிலவற்றையும் இங்கு குறிக்கத் துணிகிறேன். நஞ்சு ஆலையிலிருந்து வரினும், கவிழ்ந்த லொறியிலிருந்து வரினும், அயல்மலைத் தெளிப்பானிலிருந்து வரினும் முதலிற் பார்க்க வேண்டியது காற்று. காற்று வரும் திசையின் பக்கமாக மாட்டைக் கொண்டுபோக வேண்டும். நேரமில்லையேல் காலைக்குள் அடைத்துத் தட்டியும் சாக்கும் கொண்டு மறைக்க வேண்டும். குளோரின் போன்ற வாயுக்கள் காற்றினும் பாரமானவை, பள்ளத்தில் தேங்குவன. நம் லயங்கள் பல பள்ளத்திலேயே கட்டப்பட்டிருப்பதால் மேட்டுக்கு ஏறுதலே நலம். மனிதர் உயிர் முதலிலென்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மாட்டை அவிழ்க்கப் போய் மூச்சடைத்தவர் உண்டு. தெளிக்கப் போகிறார்கள் என்று முன்னரே தெரிந்தால், முதல்நாளே புல்லறுத்துச் சேர்த்து மூடிவைத்துக்கொள்ளலாம். தொட்டித் தண்ணீரையும் பீலித் தண்ணீர் பிடிக்கும் வாளியையும் மூடுதல் எளிது. நனைந்த மாட்டைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். கழுவுவோர் தம் கையையும் காலையும் மறைத்துக்கொள்ள வேண்டும்.

பாலைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. காய்ச்சினால் எல்லாம் போய்விடும் என்கிறார்கள். காய்ச்சினாற் கிருமி சாகும், நஞ்சு சாகாது. கொழுப்பிற் கரையும் நஞ்சாயின் நெய்யிலும் தயிரிலும் அது திரண்டே நிற்கும். மிருக வைத்தியர் சொல்லும்வரை அப்பாலைக் கன்றுக்கும் ஊட்டலாகாது. இறந்த மாட்டின் இறைச்சியைப் பங்கு போடுதல் வறுமையாற் பிறந்த வழக்கம். நஞ்சுண்டு இறந்ததாயின் அது வீட்டுக்கு வீடு நஞ்சைப் பங்கிடுதலாகும். ஊற்றுக்குத் தொலைவில் ஆழப் புதைப்பதே தக்கது. வாயில் நுரையும், கண்ணில் நீரும், தசை நடுக்கமும் கண்டால் அது நரம்பைத் தாக்கும் நஞ்சாயிருக்கக்கூடும். அதற்கு மருத்துவம் உண்டு; ஆனால் அது மணிக்கணக்கில் எட்ட வேண்டிய மருத்துவம். மருந்தின் பெயர் தெரிந்தால் வைத்தியரின் வேலை பாதியாகும். வீட்டுத் தோட்டத்துக் கீரையில் தூவானம் நேரே விழுந்திருப்பின், கழுவி உண்போம் என்று எண்ணாமல் விட்டுவிட வேண்டும். அடைத்த டின்னும் மூடிய போத்தலும் வெளிப்புறத்தைக் கழுவிய பின் திறக்கத்தக்கன. எல்லாவற்றுக்கும் மேலாக, வெற்று மருந்துக் கலனில் பாலும் தண்ணீரும் மண்ணெண்ணெயும் எடுக்கும் பழக்கம் எத்தனை லயங்களில் இன்றும் இருக்கிறது! நல்ல உறுதியான கலன், காசில்லாமற் கிடைக்கிறது. ஏழை அதை எறிய மாட்டான். அவனை ஏசுவதிற் பயனில்லை. வெற்றுக் கலனைத் திரும்பப் பெற்று அழிப்பது மருந்தை மலைக்குக் கொண்டுவந்தவன் கடமை.

கடமை என்ற சொல் வந்துவிட்டதால் இன்னுஞ் சில சொல்ல வேண்டும். இன்ன மலைக்கு, இன்ன நாளில், இன்ன மருந்து, இத்தனை நாட் புல்லறுக்கலாகாது என்று தமிழிலும் சிங்களத்திலும் முதல்நாட் பெரட்டிலேயே அறிவிக்க ஒரு கரும்பலகையும் ஒரு சுண்ணக்கட்டியும் போதும். தரிசாய்க் கிடக்கும் மூலைகளிற் கினிப்புல்லை நட்டு, தெளிக்காத புற்பாத்தி ஒன்றைத் தொழிலாளருக்கு ஒதுக்குவதாற் கம்பனி எதுவும் கவிழ்ந்துவிடாது. கொட்டிய பாலுக்கு விலை கேட்பது தொழிற்சங்கங்களின் வாய்க்கு இன்னும் பழகாத கோரிக்கை. சம்பளத்துக்காகக் குரலெழுப்பும் சங்கம் மாட்டுக்காகவும் எழுப்பலாம். அந்த மாடு சம்பளத்தின் மறுபாதி. மிருக வைத்திய பீடம் பேராதனையில் இருக்கிறது; மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் கன்னொறுவையில் இருக்கிறது; பீடைகொல்லிப் பதிவாளர் கெட்டம்பேயில் இருக்கிறார். மூன்றும் மகாவலியின் இரு கரையிலும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரம். தோட்டத்து மாட்டுக்காலை அவற்றிலிருந்து ஒரு பஸ் பயணந்தான்.

சென்ற வாரம் அப்பையன் வகுப்பு முடிந்தபின் என்னிடம் வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். அந்த வெள்ளைக் கலனிலிருந்து உரித்த சிட்டை. கடிந்துகொண்டு, குழாயடிக்கு அழைத்துச் சென்று, இருமுறை சவர்க்காரமிட்டுக் கை கழுவச் செய்தேன். சட்டையையும் துவைக்கச் சொன்னேன். பிறகு தாளை ஒரு பொலித்தீன் உறையிலிட்டு, சன்னல் வெளிச்சத்திற் பிடித்துப் படித்தேன். சட்டப்படி மூன்று மொழியிலும் அச்சிட்டிருந்தனர். தமிழ்ப் பகுதி மிகச் சிறிய எழுத்து. பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற நான் அதை இருமுறை படிக்க வேண்டியிருந்தது. கால்நடைகளை விலக்கி வைக்குமாறு கூறும் வரி இருந்தது. எத்தனை நாள் என்று எண் இருந்திருக்க வேண்டிய மூலை கிழிந்து போயிருந்தது.

பாடசாலை விடுமுறை தொடங்கியதும் அத்தாளோடு கெட்டம்பேக்குப் பஸ் ஏறுவதாக இருக்கிறேன். பையனும் தன் தாயோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.